கியர்பாக்ஸ் கூலர் பைப்பில் இறுகிப்போன நட்டைக் கழற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள காரில் ரேடியேட்டரையோ துருப்பிடித்துக் கசியும் கூலர் பைப்பையோ மாற்ற இறங்குபவர்களில் பலர் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். பைப்பின் நுனியில் இருக்கும் நட்டு அசைய மறுக்கிறது. கோபத்தில் ஸ்பேனரை ஓங்கி இழுத்தால் நட்டின் முனைகள் மழுங்கும், பைப் முறுக்கிக்கொள்ளும், சில வேளைகளில் ரேடியேட்டரே கெட்டுப்போகும். குளிர்காலம் முழுவதும் சாலையில் உப்புக் கொட்டும் மிச்சிகன், ஒஹாயோ, நியூயார்க் மாநிலங்களிலும், டொராண்டோவைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இந்தத் தொல்லை மிக அதிகம் என்பதால், அங்கே ஓடும் கார்களையும் பிக்கப்களையும் மனத்தில் வைத்தே கீழே உள்ள பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கூலர் பைப் என்ன வேலை செய்கிறது?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இன்ஜினின் சுழற்சியைக் கியர்களுக்குக் கொண்டுசேர்ப்பது டார்க் கன்வெர்ட்டருக்குள் (இன்ஜினுக்கும் கியர்களுக்கும் நடுவே உள்ள உறுப்பு) சுழலும் ஏ.டி.எஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான எண்ணெய். அந்த வேலையில் எண்ணெய் கடுமையாகச் சூடாகிறது. பாரம் இழுக்கும்போதும் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும் சூடு இன்னும் ஏறும். கியர்பாக்ஸில் உள்ள பம்ப் அந்த எண்ணெயை ஒரு பைப் வழியாக முன்பக்கம் ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. ரேடியேட்டரின் ஓரத் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் சிறிய கூலரில் எண்ணெய் தன் சூட்டைக் கூலன்ட்டிடம் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) விட்டுவிட்டு, இரண்டாவது பைப் வழியாகத் திரும்பி வருகிறது. பாரம் இழுக்கும் வண்டிகளில் ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக இன்னொரு கூலரும் இருக்கும். ஆக, இந்தப் பைப்புகளில் குறைந்தது நான்கு இணைப்புகள் உண்டு. அவற்றில் எது இறுகியிருக்கிறது என்பதைப் பொறுத்து அணுகுமுறை மாறும்.

என் காரில் எந்த வகை இணைப்பு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு கம்பித் தூரிகையால் அழுக்கைச் சுரண்டிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பைப்பைச் சுற்றி அறுகோண நட்டு ஒன்று இருந்து, பைப் அதன் நடுவே நுழைந்து சென்றால் அது ஃப்ளேர் நட்டு. உள்ளே பைப்பின் நுனியை 45 டிகிரி கோணத்தில் வெளிப்புறமாக விரித்து மடக்கியிருப்பார்கள். நட்டு அந்த விரிப்பை எதிரில் உள்ள உலோக இருக்கையோடு அழுத்திப் பிடிக்கிறது. கசிவைத் தடுப்பது அந்த அழுத்தம்தான், மரை அல்ல.

நட்டுக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் மூடியும் அதன் அடியில் மெல்லிய கம்பிக் கிளிப்பும் தெரிந்தால் அது குயிக் கனெக்ட் வகை. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் இதை நிறையக் காணலாம். வட்டக் கண் ஒன்றின் ஊடே போல்ட்டு செல்வதாக இருந்தால் அது பாஞ்சோ போல்ட்டு. வெறும் ரப்பர் ஹோஸும் கிளாம்பும் மட்டும் இருந்தால் உங்கள் வேலை எளிது. இங்கே பெரும்பாலும் பேசப்போவது ஃப்ளேர் நட்டைப் பற்றித்தான், ஏனெனில் ஆளைத் திணறடிப்பது அதுதான்.

அந்த நட்டு ஏன் இவ்வளவு இறுகிப்போகிறது?

இரண்டு வெவ்வேறு இடங்களில் இறுக்கம் ஏற்படுகிறது. எந்த இடம் என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

முதல் இடம் மரை. நட்டு எஃகு, அது ஏறி நிற்பது ரேடியேட்டர் பக்கம் பெரும்பாலும் பித்தளை, கியர்பாக்ஸ் பக்கம் பெரும்பாலும் அலுமினியம். இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்புநீர் தேங்கினால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அலுமினியம் அரிக்கும்போது வெளிவரும் வெள்ளைத் தூள் அரித்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மரையின் இடுக்குகள் அனைத்தும் ஆப்பு வைத்தாற்போல் இறுகிவிடும்.

இரண்டாவது இடம் நட்டின் பின்புறத் துளை. அங்கே நட்டுக்கும் பைப்புக்கும் இடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது. அதற்குள் உப்புநீர் ஏறினால் இரண்டு எஃகும் சேர்ந்து துருவேறி ஒரே துண்டாகிவிடும். இந்த நிலையில் மரை நல்லபடியாகவே இருக்கலாம். ஆனால் நட்டைத் திருப்பினால் பைப்பும் கூடவே முறுக்கிக்கொள்ளும். துருவை இளக்கும் எண்ணெய் அடிப்பவர்கள் மரைப் பக்கம் மட்டும் அடித்துவிட்டு இந்தப் பின்வாசலை மறந்துவிடுகிறார்கள். இவை தவிர, முன்பு வேலை செய்தவர் தேவைக்கு மேல் முடுக்கியிருப்பதும் ஒரு காரணமாகலாம்.

சாதாரண ஸ்பேனரே போதாதா?

போதாது. வாய் திறந்த ஸ்பேனர் நட்டின் ஆறு பக்கங்களில் இரண்டை மட்டுமே பிடிக்கிறது. ஃப்ளேர் நட்டோ உள்ளே குடையப்பட்டதால் சுவர் மெல்லியது. பலமாக இழுத்தவுடன் அது அமுங்கி முனை மழுங்கிவிடும். ஃப்ளேர் நட்டு ஸ்பேனர் என்பது ரிங் ஸ்பேனரின் ஒரு பக்கத்தில் பைப் நுழைய வழி வெட்டியது. ஐந்து பக்கங்களைப் பிடித்துக்கொள்ளும். ஆறு முனை உள்ளதையே வாங்குங்கள், பன்னிரண்டு முனை உள்ளது வேண்டாம்.

அளவிலும் கவனம் தேவை. அமெரிக்க வண்டிகளில் 3/8 அங்குல பைப்புக்கான நட்டு பொதுவாக 5/8 அங்குல ஸ்பேனரையும், 5/16 அங்குல பைப்புக்கானது 1/2 அங்குல ஸ்பேனரையும் கேட்கும். 5/8 அங்குலம் என்பது 15.9 மி.மீ. ஆதலால் 16 மி.மீ. ஸ்பேனர் ஏறக்குறைய ஒட்டி நிற்கும். ஆனால் 1/2 அங்குலம் 12.7 மி.மீ.; அதில் 13 மி.மீ. ஸ்பேனரைப் போட்டால் 0.3 மி.மீ. ஆட்டம் இருக்கும். துருவேறிய நட்டில் அந்த ஆட்டமே முனைகளை மழுக்கப் போதும்.

ரேடியேட்டர் பக்கம் இரண்டு ஸ்பேனர் போட வேண்டும் என்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?

இந்த வேலை முழுவதிலும் இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. ரேடியேட்டர் பக்கத்தில் நீங்கள் காணும் அறுகோணங்கள் இரண்டு: ஒன்று பைப்போடு வரும் நட்டு, மற்றொன்று ரேடியேட்டரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அடாப்டர். பல ரேடியேட்டர்களில், தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் கூலரைப் பிளாஸ்டிக் சுவரோடு ஒரு கேஸ்கெட் வைத்துப் பிடித்திருப்பது அந்த அடாப்டர் பகுதிதான். நட்டை மட்டும் பிடித்து இழுத்தால், நட்டு இறுகியிருக்கும் காரணத்தால் விசை முழுவதும் அடாப்டருக்குப் போய், அதன் வழியாக உள்ளே இருக்கும் கூலர் முறுக்கப்படுகிறது. கேஸ்கெட் நகர்ந்தால் கூலன்ட் வெளியே கசியும். அது கண்ணுக்குத் தெரியும் என்பதால் தப்பித்தீர்கள். கூலரின் பற்றுவைப்பு உள்ளேயே விண்டுவிட்டால் கூலன்ட்டும் ஏ.டி.எஃப்பும் ஒன்றோடொன்று கலக்கும். அதை உடனே யாரும் பார்க்க முடியாது.

கலந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பொதுவெளியில் அறியப்பட்ட உதாரணம் உண்டு. 2005 முதல் 2010 வரை வந்த நிசான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா, ஃப்ரான்டியர் வண்டிகள் சிலவற்றில் ரேடியேட்டருக்குள் இருந்த கூலர் விரிசல் விட்டு, கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் புகுந்தது. அது வழக்கு வரை சென்று, நிறுவனம் உத்தரவாதக் காலத்தை நீட்டிக்க நேர்ந்தது. அங்கே விரிசல் தானாக வந்தது, ஆனால் விளைவு எப்படி வந்தாலும் ஒன்றுதான். கூலன்ட்டில் உள்ள தண்ணீரும் கிளைகால் என்ற வேதிப்பொருளும் கிளட்ச் தட்டுகளில் ஒட்டப்பட்ட உராய்வுப் பொருளைப் பெயர்த்துவிடுகின்றன. டிப்ஸ்டிக்கில் (எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி) எண்ணெய் ரோஸ்மில்க் நிறத்தில் தெரிந்தால் வண்டியை மேற்கொண்டு ஒரு தெருகூட ஓட்டக்கூடாது.

ஆகவே அடாப்டரை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டை இன்னொன்றால் திருப்புங்கள். இரண்டு ஸ்பேனர்களின் கைப்பிடிகளும் ஒன்றுக்கொன்று நெருங்கி, குறுகிய கோணத்தில் இருக்குமாறு வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே உள்ளங்கைக்குள் அடக்கி நெருக்குவது நல்ல முறை. அப்படிச் செய்யும்போது விசை இரண்டு ஸ்பேனர்களுக்கு இடையிலேயே தீர்ந்துவிடுகிறது, ரேடியேட்டருக்குப் போவதில்லை.

எந்த வரிசையில் முயற்சி செய்ய வேண்டும்?

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின் மேல் உட்கார வைத்த பிறகே கீழே போங்கள். இறுகிய நட்டை இழுக்கும்போது வண்டி ஆடும். வெறும் ஜாக்கியை நம்பி அதன் அடியில் படுக்கக் கூடாது.

நட்டையும் அதன் பின்புறத் துளையையும் கம்பித் தூரிகையால் துலக்குங்கள். துருவை இளக்கும் எண்ணெயை மரையின் விளிம்பிலும், பைப் நட்டுக்குள் நுழையும் இடத்திலும் அடித்துவிட்டு, முடிந்தால் ஓரிரவு விட்டுவிடுங்கள். இடையில் வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடியும் அடித்தால் இன்னும் நல்லது. உலோகம் விரிந்து சுருங்கும்போது எண்ணெய் உள்ளே இழுக்கப்படும். பைப் ஏற்கெனவே கசிந்தால் மட்டும் ஓட்ட வேண்டாம். இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் பம்ப் எண்ணெயை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

பிறகு நட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் சிறு சுத்தியலால் சுரீர் என்று தட்டுங்கள். ஓங்கி அடிக்கத் தேவையில்லை. துருவின் பிடி விரிசல் விடுவதற்கு அந்த அதிர்வு போதும். ரேடியேட்டர் பக்கத்தில் இதையும் மிக மென்மையாகவே செய்ய வேண்டும்.

இனி ஒரு மார்க்கரால் நட்டிலிருந்து பைப் வரை குறுக்கே ஒரு நேர்க்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பேனரை மாட்டி, கழற்றும் திசைக்குப் போகும் முன் மிகச் சிறிதளவு முடுக்கும் திசையில் அழுத்திப் பாருங்கள். பிடிப்பு உடைவது பல நேரம் இந்த எதிர்த்திசை அழுத்தத்தில்தான். நட்டு இளகும்போது கிறீச்சென்ற ஒரு சிறு ஒலி கேட்கும். விளிம்பில் செம்பழுப்புத் தூள் உதிரும். அப்போது ஆவலில் ஒரேயடியாகச் சுற்றிவிடாமல், கால் சுற்று வெளியே, அதில் பாதி உள்ளே என்று முன்னும் பின்னுமாக, இடையிடையே எண்ணெய் விட்டுக் கழற்றுங்கள். துருத்தூள் மரைக்குள் சேர்ந்து மறுபடியும் இறுகாமல் இருக்க இதுவே வழி. மார்க்கர் கோடு உடையாமல் நட்டும் பைப்பும் சேர்ந்தே திரும்பினால் அங்கேயே நிறுத்திவிட்டு அடுத்த பதிலைப் படியுங்கள்.

நட்டோடு சேர்ந்து பைப்பும் திரும்புகிறதே?

அப்படியானால் மரை விட்டுக்கொடுத்துவிட்டது, பின்புறத் துளைதான் பிடித்திருக்கிறது என்று பொருள். அங்கே எண்ணெய் விட்டு, நட்டைச் சில டிகிரி மட்டும் இரு திசையிலும் ஆட்டிப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து நட்டு தனியாக நகரத் தொடங்கினால் காத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது. நகரவில்லை என்றால் பைப்பைப் பலி கொடுப்பதே சரி. முறுக்கிய எஃகு பைப் உள்ளே குறுகிப்போகும், வெளியே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விடும். அதை நிமிர்த்தி மறுபடியும் போடலாம் என்று எண்ண வேண்டாம்.

என் கருத்தில், பைப்பை எப்படியும் மாற்றப்போகிறவர் இந்தப் போராட்டத்தையே தொடங்க வேண்டியதில்லை. நட்டுக்குச் சற்றுப் பின்னால் பைப்பைச் சிறிய பைப் கட்டரால் வெட்டிவிடுங்கள். வெட்டிய பிறகு, ஸ்பேனருக்குப் பதிலாக ஆறு முனை சாக்கெட்டையே நட்டின் மேல் முழுதாக ஏற்றலாம்; ஆறு பக்கங்களும் பிடிபடும், நீளக் கைப்பிடியும் போடலாம், பைப் முறுக்குமோ என்ற கவலையும் இல்லை. அடாப்டரை மட்டும் முன்போலவே பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் முழுவதும் அசையாத நட்டு இந்த முறையில் சில நிமிடங்களில் கழன்று வரக்கூடும். பைப்பும் நட்டும் ஒப்பீட்டளவில் மலிவான பொருள்கள். கியர்பாக்ஸின் விலை அதற்குப் பல மடங்கு. வெட்டுவதற்கு மனம் வராமல் ரேடியேட்டரை இழப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நட்டின் முனைகள் ஏற்கெனவே மழுங்கிவிட்டன. இனி என்ன செய்வது?

பைப்பை வெட்டிவிட்டு, அதற்கு அடுத்த சிறிய அளவிலுள்ள ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி நட்டின் மேல் ஏற்றிப் பாருங்கள். தட்டும் விசை ரேடியேட்டருக்குப் போகும் இடமாக இருந்தால் அதைச் செய்யாமல், லாக்கிங் பிளையரை (பிடித்தபடியே பூட்டிக்கொள்ளும் குறடு) நட்டின் மேல் எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கித் திருப்புங்கள். ரேடியேட்டரை எப்படியும் மாற்றுவதாக இருந்தால் இந்தத் தலைவலியே தேவையில்லை. பைப்பை வெட்டி, ரேடியேட்டரை வெளியே எடுத்துவிடுங்கள்.

கியர்பாக்ஸ் பக்கத்தில் நட்டோடு அடாப்டரும் சேர்ந்து கழன்று வந்தால் பதற வேண்டாம். அது நல்லதுதான். மேசையில் வைஸில் பிடித்துப் பிரித்துக்கொள்ளலாம், அல்லது புதிய அடாப்டர் வாங்கிப் போடலாம்.

தீயால் சூடு காட்டலாமா?

சூட்டின் பயன் உண்மையானது. அலுமினியம் சூட்டில் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும்; எனவே அலுமினிய உறையைச் சூடாக்கினால் அதற்குள் இருக்கும் எஃகு நட்டின் பிடி தளரும். ஆனால் கூலர் பைப்புக்குள் இருப்பது எரியக்கூடிய எண்ணெய்; அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் தொட்டியும், ரப்பர் ஹோஸும், பல வண்டிகளில் பெட்ரோல் பைப்பும் இருக்கின்றன. ரேடியேட்டர் பக்கத்தில் டார்ச் வைக்கவே கூடாது.

கியர்பாக்ஸ் பக்கத்தில் பாதுகாப்பான வழி கொதிக்கும் நீர். நட்டைச் சுற்றியுள்ள உறையின் மேல் மெதுவாக ஊற்றிவிட்டு உடனே முயலுங்கள். தடித்த கையுறை அணிந்துகொள்ளுங்கள், படுத்துக்கொண்டு ஊற்றக்கூடாது. அதற்கு மேல் சூடு வேண்டுமானால் சுடர் இல்லாத இன்டக்ஷன் ஹீட்டர் உள்ள பணிமனைக்கு வண்டியைக் கொண்டுசெல்வது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்த இடத்தைச் சூடாக்காதீர்கள். குளோரின் கலந்த கிளீனர் சூட்டில் சிதைந்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். மூடிய கராஜில், முகத்துக்கு நேர் மேலே அது உண்டாவது உயிருக்கே ஆபத்து.

ஏ.டி.எஃப்பும் அசிட்டோனும் சரிபாதி கலந்து அடித்தால் எந்த நட்டும் கழலும் என்கிறார்களே?

அந்தக் கலவை வேலை செய்வது உண்டு. அசிட்டோன் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்து இடுக்குக்குள் இழுத்துச் செல்கிறது. ஆனால் இரண்டும் நன்றாகக் கலப்பதில்லை, நின்றால் பிரிந்துவிடும். பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், பெயின்ட்டையும் சில பிளாஸ்டிக்குகளையும் கரைக்கும். கடையில் கிடைக்கும் துருநீக்கும் எண்ணெயும் பொறுமையும் கையில் இருக்கும்போது இந்தக் கலவையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குயிக் கனெக்ட் வகை இறுகினால்?

அங்கே எதிரி துரு அல்ல, பெரும்பாலும் மண்தான். கிளிப்பைச் சுற்றி அடைந்திருக்கும் அழுக்கைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். பிளாஸ்டிக் மூடியைப் பைப்பின் வழியே பின்னால் தள்ளி, கிளிப்பின் ஒரு முனையைக் கொக்கி ஊசியால் வெளியே நெம்பிச் சுழற்றி எடுங்கள்; தெறித்துப் போகாமல் மறு கையால் மறைத்துக்கொள்ளுங்கள். வெளியே இழுக்கும் முன் பைப்பை ஒருமுறை உள்ளே தள்ளினால் ஒட்டியிருக்கும் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) விடுபடும். பழைய கிளிப்பைத் திரும்பப் போடாமல் புதியது போடுங்கள்.

வெட்டிய இடத்தில் ரப்பர் ஹோஸ் மாட்டிச் சமாளிக்கலாமா?

நிபந்தனைகளோடு செய்யலாம். ஹோஸ் கியர்பாக்ஸ் கூலருக்கென்றே செய்யப்பட்டதாக, எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) ஜே1532 என்ற தரக்குறி உள்ளதாக இருக்க வேண்டும். பைப்பின் நுனி வழவழப்பாக இருந்தால் ஹோஸ் அழுத்தத்தில் உருவிக்கொள்ளும். எனவே நுனியில் ஒரு மேடு எழுப்பிய பிறகே கிளாம்பு போட வேண்டும். எக்ஸாஸ்ட் பைப்புக்கு அருகே ஹோஸ் செல்லக்கூடாது. முழுப் பைப்பையும் மாற்ற விரும்பினால் செம்பு நிக்கல் கலவைப் பைப் மிக நல்லது: கையாலேயே வளையும், ஃப்ளேர் எளிதில் விழும், உப்புக்கு அசையாது. வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கான வெறும் செம்புப் பைப் வேண்டாம். அதிர்வில் இறுகிப்போய் வெடித்துவிடும்.

திரும்பப் பூட்டும்போது மரையில் டெஃப்லான் டேப் சுற்றலாமா?

ஃப்ளேர் நட்டில் சுற்றவே கூடாது. கசிவைத் தடுப்பது ஃப்ளேரின் முகம்தான் என்று மேலே சொன்னோம். டேப் அங்கே எந்த உதவியும் செய்யாது. பிய்ந்த துணுக்கு ஒன்று எண்ணெயோடு போய்க் கியர்பாக்ஸின் வால்வில் சிக்கினால் புதிய நோய் தொடங்கும். அடுத்த முறை கழற்றுபவருக்கு உதவியாக, மரையின் வெளிப்பகுதியிலும் நட்டின் பின்புறத் துளையிலும் மரை இறுகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையை மிக மெலிதாகத் தடவலாம். ஃப்ளேரின் முகத்தில் படக்கூடாது.

நட்டை முதலில் விரலாலேயே சில சுற்றுகள் ஏற்றுங்கள். விரலுக்கு இசையவில்லை என்றால் பைப் கோணலாக நிற்கிறது என்று பொருள். பைப்பின் பிடிப்பான்களைத் தளர்த்தி நேராக்குங்கள். கடைசி முடுக்கிலும் அடாப்டரைப் பிடிக்கும் ஸ்பேனர் தேவை. முடுக்கும் விசை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஓங்கி முடுக்கினால் ஃப்ளேர் வெடித்து, கசிவை நீங்களே உண்டாக்கியவர் ஆவீர்கள்.

வேலை முடிந்ததும் எண்ணெய் எவ்வளவு ஊற்ற வேண்டும்?

பைப்பைத் திறந்தவுடன் அடியில் ஒரு தட்டு வைத்து, வழிந்த எண்ணெயை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் அதே அளவு புதியதை ஊற்றினால் போதும். மேனுவலில் சொன்ன வகையை மட்டுமே ஊற்ற வேண்டும்: டெக்ஸ்ரான் 6 கேட்கும் கியர்பாக்ஸும் டொயோட்டா டபிள்யூ.எஸ். கேட்கும் கியர்பாக்ஸும் ஒன்றல்ல. கழற்றிய பைப் நுனிகளையும் துளைகளையும் வேலை நடக்கும்போது சுத்தமான மூடியால் அடைத்து வையுங்கள். ஒரு துளி மண் உள்ளே போகவும் இடம் தரக்கூடாது.

பிறகு இன்ஜினை ஓட விட்டு, பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொரு நிலைக்கும் ஒருமுறை நகர்த்தி, மேனுவல் சொல்லும் வெப்பநிலையில் அளவைச் சரிபாருங்கள். டிப்ஸ்டிக் இல்லாத கியர்பாக்ஸ்களில் அடியில் உள்ள செக் பிளக் (அளவு பார்ப்பதற்கான அடைப்பான்) வழியாகத்தான் பார்க்க முடியும். ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் தாளால் துடைத்துப் பாருங்கள். சிவப்புக் கறை படிந்தால் இன்னும் கசிகிறது. சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து, வண்டி ஆறிய பிறகு இதே சோதனையை மறுபடியும் செய்யுங்கள். கழிவு எண்ணெயை மூடிய கேனில் ஊற்றி, பழைய எண்ணெய் வாங்கிக்கொள்ளும் உதிரிபாகக் கடையிலோ ஊராட்சியின் சேகரிப்பு மையத்திலோ கொடுத்துவிடுங்கள்.